வீட்டிலேயே கற்கும் பிள்ளைகளுக்குக் கூட்டுப் பலகை விளையாட்டால் வரலாறு கற்பிக்க முடியுமா?

முடியும், ஆனால் விளையாட்டின் விதிகளிலேயே வரலாற்றுக் காரணங்கள் இருக்க வேண்டும், வெறும் கேள்வி அட்டைகளை அடுக்கினால் அது பரீட்சையாகிவிடும். இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டில், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரையிலான பாதையைக் கடதாசி மட்டையில் வரைந்து, 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து சென்ற தொழிலாளரின் பயணத்தை விளையாடுகிறோம். எல்லோரும் ஒரே கூட்டம். அரிசிக்கும் தண்ணீருக்கும் அடையாளமான புளியங்கொட்டைகள் பொதுவில் இருக்கும், வாந்திபேதி அட்டை வந்தால் நோயாளியோடு தங்குவதா முன்னே நடப்பதா என்பதைப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், ஒருவர் மட்டும் மாத்தளையை அடைந்தால் அது வெற்றியாகாது. ஆள் சேர்த்து அழைத்து வந்த கங்காணி கொடுத்த முன்பணம் பயணம் முடிந்த பின்பும் கடனாகத் தொடர்வதைக் கண்ட மகள், "அப்படியானால் ஊருக்குத் திரும்புவது எப்படி?" என்று கேட்டபோதுதான், கடன் தொகையை எழுதி வைத்துத் தொழிலாளரைக் கட்டிப்போட்ட துண்டு முறையை விளக்க இடம் கிடைத்தது.

அடுத்த சுற்றில் 1869இல் தோன்றிய கோப்பி இலைத்துரு நோய் வருகிறது. அதற்குத் தாயக்கட்டை பொருந்தும். மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கு அது பொருந்தாது, ஏனெனில் மனிதர் எடுத்த முடிவைத் தற்செயலாகக் காட்டுவது பிழையான பாடம். அதனை அப்பாயியின் பழைய பத்திரங்களை விரித்து வைத்துப் பேசுகிறோம்.