பழைய புல்லட்டில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) முள் குதிக்கிறது, இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் ஆடுகிறது. மீட்டரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம், இப்போதைக்கு மீட்டரில் கை வைக்காதீர்கள். குன்னூர் வண்டி, பாயிண்ட் இக்னிஷன் (தொடுமுனை திறந்து மூடிப் பொறி எழுப்பும் பழைய முறை), 12 வோல்ட், இரண்டு மீட்டரும் வெளியில் வாங்கிப் பொருத்தியவை, மழை பிடித்தால் தொல்லை கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இருப்பது இரண்டு பழுது. எந்த முள் எதன் தாளத்துக்கு ஆடுகிறது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

பெட்ரோல் முள் இண்டிகேட்டரோடு சேர்ந்து துடிக்கிறது என்றால் எர்த் சரியில்லை. பழைய புல்லட்டில் ஹெட்லைட் கூட்டுக்குத் தனி எர்த் ஒயர் பல வண்டிகளில் இருக்காது. கரண்ட், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வழியாக, ஹேண்டில் பேரிங் குண்டுகளையும் கிரீஸையும் தாண்டித்தான் ஃபிரேமுக்குப் போக வேண்டும். இரண்டு 10 வாட் பல்ப் எரிந்தால் சுமார் 1.7 ஆம்பியர். வழியில் அரை ஓம் தடை இருந்தாலே 0.85 வோல்ட் அங்கே நின்றுவிடும். டேங்க்கில் மிதக்கும் ஃபிளோட்டோடு மாறும் தடையை அளந்து காட்டும் மீட்டருக்கு அது பெரிய கலக்கம். நீலகிரியின் பனிமூட்டத்தில் செம்பில் பச்சைக் களிம்பு சீக்கிரம் ஏறும், அதனால்தான் மழையில் கூடுகிறது.

சோதனை எளிது. இன்ஜினை நிறுத்தி, சாவியைப் போட்டு, ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் எரியட்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை மீட்டரின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டி, இண்டிகேட்டரோடு ஏறி இறங்கினால் பழுது அங்கேதான். ஹெட்லைட் கூட்டிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராக 1.5 சதுர மி.மீ. ஒயர் ஒன்று இழுங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது இழுபடாத அளவுக்குத் தொய்வு விடுங்கள். முனைகள் சேரும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் உரசிப் பளபளக்க வைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின். இன்சுலேஷன் டேப் பிசுபிசுத்து நழுவிவிடும், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுவதை மறக்க வேண்டாம்.

ஆர்பிஎம் முள் இன்ஜின் ஓடும்போது மட்டும் குதித்தால் அது பொறி கிளப்பும் மின் இரைச்சல். பாயிண்ட் திறக்கும் கணத்தில் இக்னிஷன் காயிலின் பிரைமரியிலேயே (பாயிண்ட் பக்கச் சுருளிலேயே) இருநூறு முந்நூறு வோல்ட் எழும், மீட்டர் ஒயர் அந்த இடத்தில்தான் பிடிக்கிறது. ஆகவே மீட்டர் ஒயரில், அது காயிலோடு சேரும் முனையிலேயே 10 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேருங்கள். முள் அசையவே இல்லை என்றால் 4.7 கிலோ ஓம். பிளக் ஒயரையும் மீட்டர் ஒயரையும் ஒன்றாகக் கட்டியிருந்தால் பிரித்து ஐந்து செ.மீ. தள்ளி ஓட்டுங்கள். குறுக்கே போக வேண்டிவந்தால் செங்குத்தாகப் போகட்டும்.

பிளக் கேப் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளதா என்று அளந்து பாருங்கள். அளவே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. அந்த இடைவெளியில் பொறி தாவும்போது இரைச்சல் இன்னும் கூடும். ரெசிஸ்டர் பிளக், ரெசிஸ்டர் கேப் இரண்டில் ஒன்று போதும். பாயிண்டில் பளிச்சென்று நீலப்பொறி தெறித்து முகம் குழி விழுந்திருந்தால் கன்டென்சர் (பாயிண்டில் பொறி தெறிக்காமல் அடக்கும் பாகம்) போய்விட்டது. மாற்றி, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வையுங்கள்.

ஐடிலிங்கில் 900–1000 ஓட வேண்டியது 450–500 என்று நிலையாகக் காட்டினால் அது பழுதே அல்ல. இந்த இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறிதான் கொடுக்கும், மீட்டரின் செட்டிங்கை மாற்றினால் போதும்.

மேடு பள்ளத்தில் மீட்டர் அணைந்து அணைந்து எழுந்தால் ஆம்மீட்டரின் (பேட்டரி கரண்டைக் காட்டும் மீட்டர்) பின்புற நட்டுகளைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து வண்டிக்கு வரும் கரண்ட் ஏறக்குறைய முழுதும் அதன் வழியாகத்தான் போகிறது, அதிர்வில் தளர்ந்துவிடும்.

மலையடிவாரப் பக்கத்துப் பர்லியாறிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது மட்டும் பெட்ரோல் முள் மெல்ல நகர்ந்து, சமதளத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் ஒயரைத் தேட வேண்டாம். டேங்க் சாய்ந்து பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, அவ்வளவுதான்.