காலி டிவி அலைவரிசையில் ஊருக்கு இன்டர்நெட் கொண்டு போகலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம். பஞ்சாயத்து அலுவலகம் வரை ஃபைபர் வந்துவிட்டது. அங்கிருந்து 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் தெருவில் செல்போன் சிக்னலே தடுமாறுகிறது. பயன்படாமல் கிடக்கும் டிவி அலைவரிசையில் பிராட்பேண்ட் தரும் கருவி வெளிநாட்டில் விற்கிறதாமே, வாங்கிப் போடலாமா?

பதில்: வாங்காதீர்கள். தொழில்நுட்பத்தில் குறையில்லை, சட்டம்தான் இடம் தரவில்லை.

500 மெகாஹெர்ட்ஸ் டிவி அலையின் நீளம் சுமார் 60 சென்டிமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 5 சென்டிமீட்டர்தான். நீள அலை தோப்பையும் சுவரையும் ஓரளவு தாண்டி வெகுதூரம் போகும். நம் நாட்டில் அந்த இடம் தாராளமாகவே காலி. கோபுரத்திலிருந்து வீட்டு ஆன்டெனாவுக்கு நேராக வரும் தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷனிடம் மட்டும்தான். மற்ற சேனல்கள் கேபிளிலும் டிஷ்ஷிலும் வருகின்றன. 470 - 590 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், பெரும்பாலான இடங்களில் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சும்மா கிடப்பதாக ஐஐடி பம்பாய் ஆய்வு காட்டியது. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டக் கிராமங்களில் சோதனையும் நடத்தினார்கள்.

அது உரிமம் பெற்ற சோதனை. அமெரிக்கா 2008லேயே உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. அங்கே கருவி தன் இருப்பிடத்தைச் சொல்லி, எந்த சேனல் காலி என்று ஒரு தரவுத்தளத்திடம் கேட்ட பிறகே அலை வீசும். இந்தியாவில் இந்தப் பட்டைக்கு உரிம விலக்கு கிடையாது. அனுமதியில்லாத ரேடியோ கருவியை வைத்திருப்பதே சிக்கல். தவிர, ஒரு டிவி சேனலில் தேறுவது ஏறக்குறைய 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) வேகம், அதையும் ஊரே பங்கு போட வேண்டும்.

சரி, 3 கிலோமீட்டருக்கு என்ன செய்வது? 5 கிகாஹெர்ட்ஸ் பாயின்ட் டு பாயின்ட் ரேடியோ, அதாவது இரு முனைகளிலும் ஒன்றையொன்று நோக்கி வைக்கும் கருவி, ஒரு ஜோடி போதும். 5725 - 5875 மெகாஹெர்ட்ஸுக்கு 2018 முதல் உரிமம் வேண்டாம், 4 வாட் வரை வீசலாம். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 2000களின் நடுவிலேயே இப்படி நெடுந்தூர வைஃபையில்தான் கிராமக் கண் சிகிச்சை மையங்களை இணைத்தது. வீடியோவில் டாக்டர் நோயாளியைப் பார்க்க அது தாங்கியது. உங்கள் தெருப் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்குத் தாங்காதா?

நேர்ப்பார்வை மட்டும் கட்டாயம். இரு ஆன்டெனாக்களுக்கும் இடையே கோடு போட்டால், பாதி வழியில் மர உச்சிக்கும் கோட்டுக்கும் நடுவே குறைந்தது 4 மீட்டர் இடைவெளி வேண்டும். தென்னை வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு முனைக்குப் பஞ்சாயத்து ஓவர்ஹெட் டேங்க் தோதான இடம். தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இடிதாங்கி, எர்த் கம்பி, சின்ன யுபிஎஸ் மூன்றிலும் கஞ்சத்தனம் கூடாது.

இணைப்பை அக்கம்பக்கத்துக்குக் காசுக்குக் கொடுப்பதாக இருந்தால், நேரடியாக விற்காதீர்கள். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பிஎம் வாணி திட்டத்தில், ஊர்ப் பெட்டிக்கடைக்காரரே உரிமமில்லாமல் வைஃபை தரலாம். திட்டத்தில் பதிவான ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்தால் போதும். அப்புறம், ரிச்சி தெருவில் ரேடியோ வாங்கும்போது அந்த மாடலுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்று இருக்கிறதா என்று கேட்டு, நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.