அசையாத இருவரில் யார் வெல்கிறார்? கிரேக்க-ரோமன் 130 கிலோ மல்யுத்தம்: கேள்வி பதில்

2024 ஆகஸ்ட் 5, 6 தேதிகளில் பாரிஸ் ஒலிம்பிக்கின் ஷான் தெ மார்ஸ் அரங்கில் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தின் 130 கிலோ எடைப்பிரிவுப் போட்டிகள் நடைபெற்றன. கியூபாவின் மிஹாயின் லோபஸ் அங்கே தமது ஐந்தாவது தொடர் தங்கத்தை வென்றார். ஒரே தனிநபர் போட்டியில் ஐந்து ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்றவர் அவருக்கு முன் எவரும் இல்லை. அதைப் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இளமையில் இந்தப் பாணியில் கோதாவில் இறங்கியவன், பின்னர் சிறு போட்டிகளில் நடுவராக நின்றவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஐயா, இதற்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

இடுப்புக்குக் கீழே எதிராளியைப் பிடிக்கக் கூடாது. தம் காலால் அவரை இடறுவதும், அவர் காலைப் பின்னித் தடுப்பதும் கூடாது. இந்த ஒரு விதியே ஆட்டத்தின் இயல்பை மாற்றிவிடுகிறது. ஃப்ரீஸ்டைலில் சிறிய உடல் கொண்டவர் கூடப் பாய்ந்து எதிராளியின் காலைப் பற்றி வீழ்த்திவிடலாம். இங்கே அந்த வழி அடைபட்டிருப்பதால், எதிராளியின் மார்பையும் கைகளையும் கடந்துதான் அவரை வீழ்த்தியாக வேண்டும்.

கேள்வி (ஆசிரியர் ஒருவர்): பெயரில் கிரேக்கமும் ரோமும் இருக்கின்றனவே, பண்டைய ஒலிம்பிக்கில் இப்படித்தான் மோதினார்களா?

இல்லை. பண்டைய கிரேக்கர்கள் காலையும் பயன்படுத்தினார்கள். இன்றைய விதிமுறை 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் உருவானது. பழம்பெருமைக்காகப் பின்னர் சூட்டப்பட்ட பெயர் இது.

கேள்வி (குடும்பத்தலைவி): என் மகனோடு இறுதிப்போட்டியைப் பார்த்தேன். இரண்டு பெரிய மனிதர்கள் தோளோடு தோள் முட்டி நின்றுகொண்டே இருந்தார்கள். அதில் என்னதான் நடக்கிறது?

அம்மா, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அடுத்த முறை பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டு அக்குள்களைப் பாருங்கள். யாருடைய கை எதிராளியின் அக்குளுக்கு அடியில் நுழைந்து முதுகுப் பக்கம் போகிறதோ, அவரே அந்த நொடியில் ஆட்டத்தை ஆள்கிறார். அந்தக் கையால் எதிராளியின் தோளை மேலே நெம்பினால் அவருடைய குதிகால் விரிப்பிலிருந்து லேசாக எழும். குதிகால் எழுந்தால் எடை இடம் மாறும். எடை இடம் மாறிய பிறகே இடுப்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்குவது கைகூடும். எதிராளியோ நுழையும் கையின் மணிக்கட்டைப் பற்றி வெளியே இழுப்பார், முழங்கையை விலாவோடு ஒட்டிக் கதவை அடைப்பார், நெற்றியை மறுபக்கத் தாடையின் கீழே கொடுத்துத் தலையைத் திருப்புவார். மல்லர்களின் காதுகள் மடங்கித் தடித்துப் போயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்; தலையும் காதும் ஆண்டுக்கணக்காக இப்படி உரசிக்கொண்டே இருப்பதால் வருவது அது. ஆக, நிற்பதாகத் தோன்றும் ஒரு நிமிடத்தில் இந்தக் கைப்போர் பத்து, பதினைந்து முறை நடந்து முடிந்திருக்கும்.

130 கிலோவில் இதன் கடுமை இன்னும் கூடுகிறது. இலகு எடைப்பிரிவுகளில் ஒருவர் சட்டென்று எதிராளியைத் தலைக்கு மேலாகப் பின்னால் எறிவதைக் காணலாம். இங்கே எறிய முயன்று பிடி நழுவினால், அத்தனை எடையும் எறிய முயன்றவர் மேலேயே வந்து விழும். அதனால்தான் இருவருமே உறுதியான பிடி கிடைக்கும்வரை காத்திருக்கிறார்கள்.

கேள்வி (அதே கல்லூரி மாணவர்): அப்படியானால் புள்ளிகள் எப்படிக் கிடைக்கின்றன?

மூன்று நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகள், நடுவே முப்பது நொடி இடைவேளை. எதிராளியைக் கீழே கொண்டுவந்து பின்னால் போய்க் கட்டுப்படுத்தினால் 2 புள்ளி. முதுகை விரிப்பை நோக்கித் திருப்பினால் 2. நின்ற நிலையிலிருந்து எறிந்தால் எறிதலின் உயரத்தையும் விழும் விதத்தையும் பொறுத்து 4 அல்லது 5. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. இரு தோள்களையும் விரிப்பில் அழுத்திவிட்டால் புள்ளிக்கணக்கே தேவையில்லை, ஆட்டம் முடிந்தது. 8 புள்ளி முன்னிலை கிடைத்தாலும் அத்தோடு முடிந்துவிடும்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்): ஒருவர் ஒன்றும் செய்யாமலே புள்ளி பெறுகிறார். எதிராளி மந்தமாக ஆடினார் என்று நடுவர் கையைத் தூக்குகிறார், அவ்வளவுதான். இது நியாயமா?

உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. நடுவராக நின்று அந்தக் கையைத் தூக்கியவன் நான். முதலில், நடப்பது இதுதான்: ஒருவர் தாக்க முனையாமல் பின்வாங்கிக்கொண்டே இருந்தால், மூன்று நடுவர்களில் இருவர் ஒப்புக்கொண்ட பிறகு அவர் செயலற்றவர் என அறிவிக்கப்படுகிறார். எதிராளிக்கு 1 புள்ளி தரப்படுகிறது. அத்துடன் செயலற்றவர் விரிப்பில் கீழே கிடக்க, எதிராளி மேலிருந்து தாக்கும் நிலை தரப்படுகிறது. உண்மையான ஆபத்து அந்த ஒற்றைப் புள்ளியில் இல்லை, அதற்குப் பின் வரும் இந்த நிலையில்தான் இருக்கிறது. மேலே இருப்பவர் இடுப்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டி உருட்டினால் ஒவ்வோர் உருட்டுக்கும் 2 புள்ளி. கீழே கிடப்பவர் கால்களைப் பயன்படுத்தித் தடுக்க முடியாது. வயிற்றையும் இடுப்பெலும்பையும் விரிப்போடு ஒட்டிக்கொண்டு கிடப்பதே அவருக்குள்ள ஒரே காப்பு.

விதியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் சாட்சி. ரஷ்யப் பேரரசின் சார்பில் வந்த எஸ்தோனியர் மார்ட்டின் க்ளைனும் பின்லாந்தின் ஆல்ஃபிரெட் அசிகாய்னனும் நடு எடைப் பிரிவின் அரையிறுதியில் 11 மணி 40 நிமிடம் மோதினார்கள். க்ளைன் வென்றார், ஆனால் உடல் ஓய்ந்துபோனதால் தங்கத்துக்கான ஆட்டத்தில் இறங்கவே முடியாமல் வெள்ளியோடு நின்றார். அதே ஒலிம்பிக்கின் இன்னொரு பிரிவில் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஆல்கிரனும் பின்லாந்தின் ஈவார் போலிங்கும் ஒன்பது மணி நேரம் மோதியும் முடிவு கிடைக்காததால், இருவருக்கும் வெள்ளி கொடுத்துத் தங்கத்தை யாருக்கும் தராமல் விட்டார்கள். ஒருவரையொருவர் அசைக்க முடியாத இருவரை என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் இந்தப் பாணி நூறாண்டுக்கும் மேலாகப் போராடிக்கொண்டிருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறியதற்கும் அதுவே காரணம்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 130 கிலோ பிரிவில் நடுவரின் கை தீர்மானிக்கும் ஆட்டங்கள் அளவுக்கு மேல் இருக்கின்றன. இருவருக்கும் ஆளுக்கொரு செயலின்மைப் புள்ளி போய் 1-1 என்று முடிந்தால், கடைசியாகப் புள்ளி பெற்றவரே வென்றவர். ஆறு நிமிட உழைப்பு அப்படி முடிவது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் இதைவிட நல்ல மாற்று எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

கேள்வி (விளையாட்டுச் செய்தியாளர்): 2000 சிட்னியில் கரேலின் தோற்றதும் இப்படி ஒரு விதியால்தானே?

ஆம், அப்போதிருந்த விதி வேறு. முதல் பகுதியில் இருவரும் புள்ளி எடுக்காவிட்டால், இரண்டாம் பகுதியை மார்போடு மார்பு ஒட்டி, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் இரு கைகளையும் கோத்தபடி தொடங்க வேண்டும். யாருடைய கோப்பு முதலில் பிரிகிறதோ, அவர் எதிராளிக்கு ஒரு புள்ளியை இழப்பார்.

சைபீரியாவின் நோவசிபிர்ஸ்க்கைச் சேர்ந்த அலெக்சாந்தர் கரேலின் 1988, 1992, 1996 என மூன்று தங்கம் வென்றவர். பதின்மூன்று ஆண்டுகளாகப் பன்னாட்டுப் போட்டிகளில் தோற்றதில்லை. விரிப்பில் கவிழ்ந்து கிடக்கும் எதிராளியின் இடுப்பைத் தலைகீழாகப் பூட்டித் தூக்கி எறிவார். அந்த எடையில் அப்படித் தூக்க முடியும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. எதிரே நின்ற அமெரிக்கர் ரூலன் கார்ட்னர், வயோமிங் மாநிலத்தின் ஆஃப்டன் ஊரில் மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவர். 1997இல் கரேலினிடம் 5-0 எனத் தோற்றவர்.

2000 செப்டம்பர் 27 அன்று நடந்த இறுதிப்போட்டியின் முதல் பகுதி புள்ளியின்றி முடிந்தது. கைகோத்து இரண்டாம் பகுதியைத் தொடங்கினார்கள். கார்ட்னர் பக்கவாட்டில் அடியெடுத்து நகர, கரேலினின் விரல்கள் ஒரு கணம் பிரிந்து உடனே மீண்டும் சேர்ந்தன. வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்த இடைவெளியை நடுவர்கள் ஒளிப்பதிவில் பார்த்து உறுதிசெய்து கார்ட்னருக்கு 1 புள்ளி கொடுத்தார்கள். அந்நாளில் மூன்று புள்ளியாவது எடுக்காமல் உரிய நேரத்தில் வெல்ல முடியாது என்பதால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கும் கரேலினால் கார்ட்னரை விரிப்பிலிருந்து கிளப்ப முடியவில்லை. சில நொடிகள் மிச்சமிருக்கும்போதே அவர் கைகளைத் தாழ்த்தி நின்றுவிட்டார்.

விதிதான் தோற்கடித்தது என்பதை நான் பாதிதான் ஏற்பேன். கோப்பு பிரிந்ததற்குக் காரணம் கார்ட்னரின் நகர்வு. அதன்பின் ஒன்பதாவது நிமிடம்வரை அவர் கரேலினின் பிடிக்குள் சிக்காமல் இடுப்பைத் தாழ்த்தியே நின்றதற்கும் விதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கேள்வி (பள்ளி மாணவர்): பாரிஸில் கொரிய வீரர் முதல் சுற்றிலேயே 7-0 என்று தோற்றார். மறுநாள் மறுபடி ஆடினாரே, எப்படி?

தம்பி, அதன் பெயர் ரெபசாஜ், அதாவது மறுவாய்ப்புச் சுற்று. இறுதிக்குப் போகும் இருவரிடம் தோற்றவர்களுக்கு மட்டும் இந்த வாய்ப்பு உண்டு. லோபஸ் தென்கொரியாவின் லீ சுங்-சானை 7-0, உலக வெற்றியாளராக இருந்த ஈரானின் அமீன் மிர்சாசாதேயை 3-1, அரையிறுதியில் அஸர்பைஜானின் சபா ஷரியாத்தியை 4-1 என வென்றார். லோபஸ் இறுதிக்குப் போனதால் லீயும் மிர்சாசாதேயும் மோதினார்கள். அதில் வென்ற மிர்சாசாதே, ஷரியாத்தியையும் வென்று வெண்கலம் பெற்றார். அட்டவணையின் மறுபக்கத்திலிருந்து சீனாவின் மெங் லிங்ச இன்னொரு வெண்கலம் பெற்றார். முதல் நாளிலேயே வலிமையான ஒருவரிடம் மாட்டிக்கொண்டவர் வெறுங்கையோடு போகாமலிருக்க இது நல்ல ஏற்பாடு.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்): லோபஸ் முதலில் 120 கிலோவில் வென்றதாகப் படித்தேன். பிரிவு மாறினாரா?

பிரிவின் பெயர்தான் மாறியது. 1988 முதல் 130 கிலோ மேல்வரம்பாக இருந்தது. 2004, 2008, 2012 ஒலிம்பிக்குகளில் அது 120 ஆகக் குறைக்கப்பட்டு, 2016 ரியோவில் மீண்டும் 130 ஆயிற்று. எப்படிப் பார்த்தாலும் அது மிகக் கனமான பிரிவுதான். அவர் 2004 ஏதென்ஸில் ஐந்தாம் இடம் பெற்றார் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (மாணவி): வினேஷ் போகாட் நூறு கிராமுக்காக நீக்கப்பட்டார். பெரிய எடைக்காரர்களுக்கும் இந்தத் தராசு உண்டா?

உண்டு. போட்டி இரண்டு நாள். இரு நாள் காலையிலும் எடை பார்க்கப்படும். 130ஐத் தாண்டக் கூடாது. லோபஸ் தங்கம் வென்ற மறுநாள் காலையில், பெண்களுக்கான 50 கிலோ ஃப்ரீஸ்டைலில் வினேஷ் இரண்டாம் நாள் எடையில் 100 கிராம் கூடியதால் இறுதிப்போட்டியை இழந்தார். முதல் நாள் வெற்றிகளும் கணக்கில் வராமல் கடைசி இடத்தில் வைக்கப்பட்டார். அந்தத் தண்டனை மிகக் கொடியது என்றே இன்றும் நினைக்கிறேன். முதல் நாள் எடை சரியாக இருந்து வென்றவருக்கு அந்த வெற்றிகளாவது நிற்க வேண்டும். கனமான பிரிவின் நிலை சற்று வேறு: 97 கிலோவுக்கு அடுத்தது 130 என்பதால், இடையில் 33 கிலோ அகலம் இருக்கிறது. அங்கே சிலருக்குக் குறைப்பது கவலை. சிலருக்கோ தம்மைவிட மிகக் கனமானவரைத் தாங்குவது கவலை.

பெண்களுக்கு ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் மட்டுமே உண்டு, கிரேக்க-ரோமன் இல்லை. அது மாற வேண்டும் என விரும்புகிறேன்.

கேள்வி (செய்தியாளர்): இந்தியா இதில் ஏன் பின்தங்கியிருக்கிறது?

1952இல் கே. டி. ஜாதவ் வென்ற வெண்கலம் முதல் பாரிஸில் அமன் செராவத் வென்ற வெண்கலம்வரை, மல்யுத்தத்தில் நம் ஒலிம்பிக் பதக்கங்கள் அனைத்தும் ஃப்ரீஸ்டைலில் வந்தவை. நம் அகாராக்களில், அதாவது மரபான மல்யுத்தக் கூடங்களில், பயிலும் குஸ்தியில் காலைப் பற்றுவது உயிர்நாடி. அதில் வளர்ந்த பிள்ளையிடம் கால் கூடாது என்றால் பாதிக் கல்வி பயனற்றுப் போகிறது. ஆனால் திறமை இல்லாமல் இல்லை: 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுனில் குமார் 87 கிலோவில் வெண்கலம் வென்றார். பத்து வயதிலிருந்தே இந்தப் பாணியை மட்டும் கற்பிக்கும் பயிற்சிக்கூடங்கள் வந்தால் நிலை மாறும்.

கேள்வி (குடும்பத்தலைவி): வென்றபின் லோபஸ் காலணிகளைக் கழற்றி விரிப்பில் வைத்துவிட்டுப் போனார். எதிரணி வீரரும் அவரோடு மிக நெருக்கமாகத் தெரிந்தாரே?

எதிரணி வீரர் யாஸ்மானி அக்கோஸ்தாவும் கியூபாவில் பிறந்தவர்தான். லோபஸ் இருந்த பிரிவில் தாய்நாட்டுக்காக ஒலிம்பிக் வாய்ப்புக் கிடைப்பது அரிது. 2015இல் சிலிக்குப் போய் அங்கேயே தங்கி, அந்நாட்டின் குடிமகனாகி, டோக்கியோவில் ஐந்தாம் இடம் பெற்று, பாரிஸில் இறுதிவரை வந்தார். சிலிக்கு மல்யுத்தத்தில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அவருடைய வெள்ளி. பழைய பயிற்சித் தோழரிடம் அவர் 6-0 எனத் தோற்றார்.

காலணியை நடு விரிப்பில் விட்டுச் செல்வது, இனி கோதாவில் இறங்கமாட்டேன் என்று மல்லர் சொல்லும் முறை. கார்ட்னரும் 2004 ஏதென்ஸில் வெண்கலம் வென்றதும் அதே இடத்தில் உட்கார்ந்து, அழுதபடி காலணிகளைக் கழற்றி வைத்தார். பாரிஸில் வென்றபோது லோபஸுக்கு 42 வயது நிறைய இரண்டு வாரமே இருந்தது. டோக்கியோவுக்குப் பின் மூன்றாண்டுகளாகப் பன்னாட்டுப் போட்டி எதிலும் அவர் ஆடியிருக்கவில்லை. முழங்காலிட்டு விரிப்பை முத்தமிட்டு, காலணிகளைக் கழற்றி நடு வட்டத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.