தோளில் ஏந்தும் வழிகாட்டு ஏவுகணைகள்: பயிற்சித் தரமும் பாதுகாப்பும் – கேள்வி பதில்

ஒரு வீரரோ இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவோ சுமந்து சென்று ஏவக்கூடிய வழிகாட்டு ஏவுகணைகளைப் பற்றிப் பலரும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன். டாங்கி எதிர்ப்பு வகை, விமான எதிர்ப்பு வகை ஆகிய இரண்டும் இதில் அடங்கும். நான் சொல்வன பொதுவான நெறிகள். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் அதன் கையேடு சொல்வதே இறுதியானது.

கேள்வி: பயிற்சித் தரம் என்றால் இலக்கைச் சரியாகத் தாக்குவதுதானா?

அது ஒரு பகுதி மட்டுமே. அமெரிக்கத் தரைப்படை தன் பயிற்சிக் கையேடுகளில் ஒவ்வொரு வேலையையும் மூன்றாகப் பிரித்து எழுதுகிறது: செய்ய வேண்டிய பணி என்ன, எந்தச் சூழ்நிலையில் செய்ய வேண்டும், எந்த அளவுகோலை எட்டினால் தேர்ச்சி. ஏவுகணைக் குழாயைக் கையில் பெற்றவுடன் பரிசோதிப்பது, ஏவும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது, ஏவப்படாமல் நின்றுபோன ஏவுகணையைக் கையாள்வது ஆகியவை தனித்தனிப் பணிகளாக மதிப்பிடப்பட வேண்டும்.

என் கருத்தில், இலக்கில் பட்டதா என்பதைவிட அதற்கு முந்தைய நொடிகளில் பயிற்சியாளர் கவனமாக இருக்க வேண்டும். "பின்புறம் காலி" என்று உரக்கச் சொல்லும் வீரர் உண்மையிலேயே கழுத்தைத் திருப்பிப் பார்த்தாரா, அல்லது மனப்பாடமாக வாய் மட்டும் சொன்னதா? பார்க்காமல் சொன்னவருக்கு, ஏவுகணை இலக்கின் நடுவில் பட்டிருந்தாலும், தேர்ச்சி தரக் கூடாது.

கேள்வி: அமெரிக்காவின் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையான ஜாவலின் போன்றவை குழாயிலிருந்து "மென்மையாக" வெளியேறுபவை என்கிறார்கள். அப்படியானால் பின்புறம் நிற்பவருக்கு ஆபத்து இல்லைதானே?

பரவலாக நிலவும் இந்த எண்ணம் மிகவும் ஆபத்தானது. ஜாவலினில் முதலில் ஒரு சிறிய மோட்டார் ஏவுகணையைக் குழாயிலிருந்து தள்ளிவிடுகிறது. அது சற்று தூரம் சென்ற பிறகே முதன்மை மோட்டார் பற்றுகிறது. இதனால் ஏவுபவர் சுடுபுகையிலிருந்து காக்கப்படுகிறார். மூடிய இடங்களிலிருந்து ஏவுவதும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு இயலுகிறது. ஆனால் அந்தச் சிறிய மோட்டாரின் வாயுவும் பின்பக்கமாகத்தான் பாய்கிறது. ஜாவலினுக்குப் பின்னால் 25 மீட்டர் வரை முதன்மை ஆபத்துப் பகுதி என்றும், 100 மீட்டர் வரை எச்சரிக்கைப் பகுதி என்றும் வகுத்திருக்கிறார்கள். பழைய வகைகள் சிலவற்றில் வீச்சு இதைவிடக் கடுமையானது.

வாயுவின் வெப்பத்தோடு ஆபத்து முடிவதில்லை. தரையில் கிடக்கும் சரளைக் கல், உடைந்த செங்கல், தளர்வான தகரம் எல்லாமே அந்த வேகத்தில் எறிபொருளாகிவிடும். பின்னால் சுவர் இருந்தால் அழுத்தம் மோதித் திரும்பி ஏவியவரையே தாக்கும். ஆகவே சுடுதளத்தில் ஆபத்துப் பகுதியைக் கொடிகளால் குறித்துவிட்டு, துணை வீரர் நேரில் பார்த்து அறிவிக்க, ஏவுபவர் மறுமுறை உறுதிசெய்ய வேண்டும். குழாயின் முன்னாலும் பின்னாலும் பயிற்சியாளர் உட்பட எவரும் நிற்கக் கூடாது.

கேள்வி: உண்மையான ஏவுகணை மிகுந்த விலை உடையது. சிமுலேட்டரில் மட்டுமே பழகியவரை நம்பலாமா?

பெரும்பாலான படைகளில் வீரர் உண்மையான ஏவுகணையை ஏவும் வாய்ப்பு மிக அரிது. ஆகவே சிமுலேட்டர் தவிர்க்க முடியாதது. குறிபார்த்தல், இலக்கைப் பின்தொடர்தல், கருவி தரும் சமிக்ஞைகளைப் படித்தல் ஆகியவற்றில் அது நல்ல ஆசான். நூறு முறை தவறினாலும் யாருக்கும் காயமில்லை.

அது கற்றுத்தராதவையும் உண்டு. குழாயின் உண்மையான எடை, தூசி, வியர்வையில் நனைந்த காதுக்காப்பு, அருகில் நிற்கும் தோழர் தவறான இடத்துக்கு நகர்வது ஆகிய எதுவும் குளிரூட்டிய அறையின் திரையில் வராது. எனவே எடையும் வடிவமும் ஒத்த பயிற்சிக் குழாயுடன் குழு முழுவதும் வெளிக்களத்தில் பழகிய பிறகே தகுதிச் சான்று வழங்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1982 ஃபாக்லாந்து போரில், பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.-க்கு அப்போது புதிதாக வந்திருந்த ஸ்டிங்கர் என்ற அமெரிக்க விமான எதிர்ப்பு ஏவுகணைகள் வழங்கப்பட்டன. அதில் முறையாகப் பயிற்சி பெற்று மற்றவர்களுக்குச் சொல்லித்தரவிருந்த வீரர் மே 19 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். மே 21 அன்று அர்ஜென்டினாவின் புகாரா தாக்குதல் விமானம் ஒன்று ஸ்டிங்கரால் வீழ்த்தப்பட்டபோதிலும், அதன் பின் ஏவப்பட்டவற்றில் பல வீணாயின. ஒருவர் தலையில் மட்டும் இருக்கும் பயிற்சி, அவரோடு போய்விடும். குழுவில் குறைந்தது இருவராவது ஏவுபவருக்குரிய முழுத் தகுதியும் பெற்றிருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: விசையை அழுத்தியும் ஏவுகணை புறப்படவில்லை என்றால் வீரர் என்ன செய்ய வேண்டும்?

முதல் விதி, குழாய் இலக்கின் திசையை விட்டு அசையக் கூடாது. பற்றவே இல்லையா, தாமதமாகப் பற்றப்போகிறதா என்பதை வெளியிலிருந்து அந்தக் கணத்தில் அறிய வழியில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்கக் குழாயைத் தாழ்த்துவதோ திருப்புவதோதான் மனித இயல்பு; பயிற்சி அந்த இயல்பை வெல்ல வேண்டும். வீரர் நிலைமையை உரக்க அறிவிக்க வேண்டும். கையேடு சொல்லும் நேரம் வரை அனைவரும் ஆபத்துப் பகுதிக்கு வெளியே காத்திருக்க வேண்டும். அதன் பின்னரும் செயல்படாததைக் கையேட்டின்படி ஒதுக்கிவைத்துவிட்டு வெடிபொருள் அகற்றும் நிபுணர்களிடம் விட வேண்டும். எத்தனை நிமிடம் என்பது ஆயுதத்துக்கு ஆயுதம் மாறும். ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பலர் மறந்துவிடும் ஒன்று: பல ஏவுகணைகளில் மின்சாரமும் குளிரூட்டும் வாயுவும் தரும் சிறு கலம் ஒருமுறை இயங்கத் தொடங்கினால் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகிவிடும். வெறும் கையால் அதைத் தொடக் கூடாது.

கேள்வி: பயிற்சிக் குழாயும் உண்மையானதும் மாறிவிட வாய்ப்புண்டா?

உண்டு. நேட்டோ நாடுகளில் வண்ணக் குறியீடு இருக்கிறது: மஞ்சள் உயர்வெடிபொருளையும், பழுப்பு உந்துபொருள் போன்ற குறைவெடிபொருளையும், நீலம் பயிற்சிக்குரியதையும் குறிக்கும். வண்ணம் தேய்ந்தும் மண் படிந்தும் போகும் என்பதால், வண்ணத்தோடு வரிசை எண்ணையும் சரிபார்க்க வேண்டும். பயிற்சிக் குழாயையும் உண்மையானதையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வைக்கவே கூடாது.

கேள்வி: அடிக்கடி ஏவும் பயிற்சியாளர்களுக்குக் காதும் மூளையும் பாதிக்கப்படுமா?

காதைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. திடீர் ஒலிக்கு 140 டெசிபல் உச்சம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. தோளிலிருந்து ஏவும் ஆயுதங்கள் பல அதைத் தாண்டுகின்றன. இரட்டைக் காதுக்காப்பு தேவைப்படுவது அதனால்தான்.

மூளையைப் பற்றிய அக்கறை அண்மைக் காலத்தில்தான் விதிகளில் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ஆணையில், சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு என்ற வெடியழுத்த அளவை இடைக்கால வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, தேவையற்றவர்களை அருகில் நிற்க விடாமை, அறிவாற்றல் சோதனை ஆகியவற்றை வலியுறுத்தியது. பின்னுதைப்பற்ற துப்பாக்கி போன்ற வழிகாட்டப்படாத ஆயுதங்களில் இந்த அழுத்தம் கூடுதல் என்றாலும், இங்கும் கவனம் வேண்டும். ஒரு மாணவர் ஒன்றோ இரண்டோ ஏவுகிறார். பயிற்சியாளரோ ஒவ்வொரு மாணவரின் பக்கத்திலும் நிற்கிறார். பதிவேட்டில் மாணவர்களின் கணக்கு மட்டும் இருந்து அவருடைய கணக்கு இல்லாமல் இருப்பது பெரும் குறை.

கேள்வி: நம் விமானத்தையே சுட்டுவிடாமல் இருக்க என்ன பயிற்சி?

விமான எதிர்ப்பு வகையில் மிகக் கடினமான பாடம் இதுதான். மேலிடம் மூன்று நிலைகளில் ஒன்றை அறிவிக்கும்: நட்பு விமானம் என உறுதியாகாத எதையும் சுடலாம், பகை என உறுதியானதை மட்டுமே சுடலாம், தற்காப்புக்கோ நேரடி ஆணைக்கோ அன்றிச் சுடக் கூடாது. நிலை மாறியதை அறியாமல் இருப்பதும் தவறே.

ஸ்டிங்கரில் நட்பு விமானமா என்று வினவும் கருவி உண்டு. சரியான மறுமொழி வந்தால் அது நம்முடையது. மறுமொழி வராவிட்டால், பகை விமானம் என்று பொருளாகாது. பழுதான கருவி, அணைத்து வைத்த கருவி, காலாவதியான குறியீடு என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். எனவே இறக்கையின் வடிவம், எஞ்சின் இருக்கும் இடம், வால் ஆகியவற்றைக் கண்ணால் அடையாளம் காணும் பயிற்சி தொடர்ந்து நடக்க வேண்டும். ஏவாமல் விடுவதே சரியான விடையாக அமையும் தேர்வுகளும் கணிசமாக இருக்க வேண்டும். எல்லாத் தேர்விலும் ஏவுவதே விடையானால், விரல் மட்டுமே பழகும்.

கேள்வி: பின்னால் விரியும் கம்பி வழியாக வழிகாட்டப்படும் மிலான் போன்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளில் தனி எச்சரிக்கை உண்டா?

உண்டு. மிலான் 2000 மீட்டர் செல்லச் சுமார் 12.5 நொடி ஆகும். அதுவரை ஏவியவர் இலக்கிலிருந்து குறியை எடுக்க முடியாது. பறந்த வழியெங்கும் மெல்லிய கம்பி விழுந்துகிடக்கும். மின்கம்பிகளுக்கு மேலாக ஏவக் கூடாது.

கேள்வி: ஒருமுறை தகுதி பெற்றால் போதுமா?

போதாது. பழகாத கை மறக்கும். ஏவும் திறனைவிட அரிதாகத் தேவைப்படும் அவசர நடைமுறைகளே முதலில் மறந்துபோகும் என்பதால், மறுதகுதித் தேர்வில் அவற்றுக்கே கூடுதல் இடம் தர வேண்டும்.

கேள்வி: கிடங்குப் பாதுகாப்பும் பயிற்சித் தரத்தில் சேருமா?

கட்டாயம் சேரும். ஒருவர் சுமந்து செல்லக்கூடியதை ஒருவர் திருடிச் செல்லவும் முடியும். பயணிகள் விமானத்துக்கு அது எவ்வளவு பெரிய அச்சுறுத்தல் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான வாஸெனார் உடன்பாட்டில் சேர்ந்த நாடுகள் 2000-இல் ஏற்று 2003-இல் வலுப்படுத்திய விமான எதிர்ப்பு ஏவுகணை ஏற்றுமதி நெறிகள், வாங்கும் நாட்டிடம் சில உறுதிகளைக் கேட்கின்றன. ஏவுகணைக் குழாயும் கைப்பிடி ஏவு கருவியும் தனித்தனிக் கிடங்குகளில் இருக்க வேண்டும்; நாள் முழுவதும் கண்காணிப்பு வேண்டும்; கிடங்குக்குள் நுழைய அதிகாரம் பெற்ற குறைந்தது இருவர் வேண்டும்; மாதந்தோறும் வரிசை எண்படி நேரில் எண்ண வேண்டும்; பயிற்சிக்கென்றால், ஏவப்படவிருப்பவற்றை மட்டுமே வெளியே எடுத்து இணைக்க வேண்டும்.

வீரர் இதையெல்லாம் கிடங்குக் காவலரின் வேலை என்று நினைக்கக் கூடாது. குழாயைப் பெறும்போது வரிசை எண்ணைத் தானே படித்துக் கையொப்பமிடுவதும், ஈரப்பதக் காட்டியின் நிறம் மாறியிருக்கிறதா, மூடியில் விரிசல் உண்டா என்று பார்ப்பதும், கீழே விழுந்த குழாயை மறைக்காமல் அறிவிப்பதும், ஏவப்படாததைப் பதிவுடன் திருப்பித் தருவதும் அவருடைய தேர்வின் பகுதியாகவே இருக்க வேண்டும்.