பிரஷர் எகிறினால் முதலில் யூரின் டியூபைப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 38. தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறார். வழக்கமாக 100/60 இருக்கும் பிரஷர் திடீரென 160/100 ஆகிறது. தலை பிளப்பதுபோல் வலி, முகமெல்லாம் வியர்வை. தினமும் பிரஷர் மாத்திரை கொடுக்கலாமா? இதயத்துக்கு ஆபத்தா?

பதில்: நீங்களாக மாத்திரை தொடங்க வேண்டாம். அவருடைய இயல்பான அளவே குறைவு. தினசரி மாத்திரையால் அது இன்னும் இறங்கி, வீல்சேரில் உட்கார வைத்ததும் மயங்கிவிடுவார்.

மார்பின் 6-ஆம் தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வரும் இதன் பெயர் ‘அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா’. சிறுநீர்ப்பை நிரம்பி உப்பினால் அவருக்குத் தெரியாது. ஆனால் அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள நரம்புகள் தூண்டப்பட்டு, வயிறு, கால்களின் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. ‘தளர்த்து’ என்று மூளை இடும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போவதில்லை. தண்டுவடத்தைத் தொடாமல் இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு மட்டும் வேலை செய்து துடிப்பைக் குறைக்கும். அந்த நேரத்தில் நாடி பிடித்தால் பெரும்பாலும் மெதுவாகவே இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இறுகிய குழாய்களை எதிர்த்து இதயம் கடும் பளுவோடு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. துடிப்பு தாறுமாறாகலாம், மாரடைப்பு வரலாம், மூளையில் ரத்தக்கசிவும் ஏற்படலாம். இதயத்தின் வலி நரம்புகள் மார்புத் தண்டுவடத்தில் நுழைவதால், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

தலைவலி என்றதும் படுக்க வைக்கத்தான் கை போகும். செய்யாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிடுங்கள். இடுப்பு நாடா, பெல்ட்டைத் தளர்த்துங்கள். யூரின் டியூபை, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை வரை விரலால் தடவிப் பாருங்கள். பல நேரம் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும், பை காலியாக இருக்கும். மடிப்பை நீக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் டியூபை மாற்ற வேண்டும். அடுத்த சந்தேகம் மலச்சிக்கல். பிறகு படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம்.

2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 150-ஐ விட்டு இறங்காவிட்டாலோ காரணம் பிடிபடாவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழையுங்கள். ‘கழுத்தில் தண்டுவடக் காயம், வழக்கமான பிரஷர் 100/60’ என்று ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரை எடுத்திருந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்; அதோடு, பிரஷரை இறக்கக் கொடுக்கும் நைட்ரேட் மருந்து சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக விழுந்துவிடும்.