துபாயில் முதல் வருடம்: மாதம் 800 திர்ஹாம் மிச்சம் என்ற கணக்கு சரிதானா?

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். கணவருக்கு வயது 34. துபாயில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் சென்ற ஆண்டு ஜூலையில் சேர்ந்தார். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, நாலரை வயது மகளோடும் ஒன்றரை வயது மகனோடும் அடுத்த மாதமே நானும் வந்துவிட்டேன். சம்பளம் 16,000 திர்ஹாம், அதில் பேசிக் 7,000. அல் நஹ்தாவில் ஒரு படுக்கையறை வீடு, ஆண்டு வாடகை 60,000, மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கு செக்.

மாதச் செலவு: வாடகை 5,000, தேவா (மின்சாரம், தண்ணீர்) பில் 750, இன்டர்நெட், போன் 550, மளிகை, பால், டயாபர் 2,800, மகளின் பள்ளியும் பஸ்ஸும் 1,200, கார் தவணை (1,300), பெட்ரோல், சாலிக் (சாலைச் சுங்கம்) எல்லாம் சேர்த்து 1,900, மாமனார் மாமியாருக்கு 2,000, வெளியே போவது, மற்றவை 1,000. ஆக 15,200. மிச்சம் 800.

வந்தபோது புரோக்கர் கமிஷன் 3,000, வீட்டு டெபாசிட் 3,000, தேவா டெபாசிட் 2,000, சாமான்கள் 9,000, டிக்கெட் 4,000, எங்கள் மூவரின் விசா 6,000, மருத்துவக் காப்பீடு 4,000 என்று 31,000 ஆனது. இந்த மே மாதம் ஊருக்குப் போய்வந்தது 7,000. கொண்டுவந்த 4 லட்சம் ரூபாயும் தீர்ந்து, கிரெடிட் கார்டில் 12,000 நிற்கிறது. இந்த நிலையில், இங்கே 1,50,000 திர்ஹாம் தனிநபர் கடன் எடுத்துச் சரவணம்பட்டிக்கு அப்பால் ஒரு மனை வாங்கலாம் என்கிறார் கணவர். நானோ பிள்ளைகளோடு ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். போதாததற்கு, அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகை 66,000 ஆகும் என்று வாட்ச்மேன் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, செலவை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் நேரடியாகவே சொல்கிறேன். மனைக்கு முன்பணம் கொடுப்பதாக இருந்தால் நிறுத்திவையுங்கள். ஊருக்குத் திரும்பும் முடிவையும் இந்த மாதமே எடுக்க வேண்டாம். முதலில் அந்த 800-ஐப் பார்ப்போம்.

நீங்கள் 'வந்தபோது ஆன செலவு' என்று போட்டிருக்கும் 31,000-இல் கமிஷனும் சாமான்களும் முதல் டிக்கெட்டும் திரும்ப வராதவை. இரண்டு டெபாசிட்டும் உங்கள் பணம், வீட்டை விடும்போது கைக்கு வரும். ஆனால் காப்பீடு வருடாவருடம் கட்ட வேண்டியது. துபாயில் குடும்பத்தை ஸ்பான்சர் செய்பவர் அவர்களுக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். உங்கள் விசாவையும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஊர்ப் பயணமும் நிற்காது. இவற்றை மாதத்துக்குப் பிரித்தால் காப்பீடு 333, விசா 250, டிக்கெட் 583. மொத்தம் 1,166. ஆக, மாதம் 800 மிஞ்சவில்லை, 366 திர்ஹாம் துண்டு விழுகிறது. கிரெடிட் கார்டு வட்டி உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. அங்கே கார்டுகளுக்கு மாதம் 3 முதல் 4 சதவீதம் வரை வட்டி போடுகிறார்கள். 3.5 என்று வைத்தாலே 12,000-க்கு மாதம் 420.

கார்டு ஏன் ஏறியது என்பதும் உங்கள் எண்களிலேயே தெரிகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 15,000 செக் போகிறது, சம்பளமோ 16,000. செக் போன மாதம் பாலும் டயாபரும் கார்டில்தான் வாங்கியிருப்பீர்கள். இந்த மாதத்திலிருந்து சம்பளம் வந்த அன்றே 5,000-ஐத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். குடும்பத் தலைவர் இறந்தால் அங்கே அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கை முடக்கிவிடுவார்கள். வாரிசு ஆவணங்கள் முடிந்து பணம் விடுபட நாளாகும். கைக்குழந்தையோடு அயலூரில் இருக்கும் ஒரு பெண்ணிடம் இரண்டு மாதச் செலவுக்காவது சொந்தக் கணக்கில் பணம் இருக்க வேண்டும். இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, சொல்லாமல் விட முடியாது.

கார்டு பாக்கியை 24 மாதச் சிறு கடனாக மாற்றித் தரும்படி வங்கியில் கேளுங்கள். 8 சதவீத வட்டி என்றால் தவணை 543 வரும். இப்போது வட்டிக்கே 420 போகிறது. இன்னும் 120 சேர்த்தால் இரண்டு வருடத்தில் கடனே தீர்ந்துவிடும். மாற்றியதும் கார்டின் வரம்பை 5,000-க்குக் குறைக்கச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து வாடகை. வாட்ச்மேன் சொன்னார் என்பதற்காக 66,000 கொடுக்காதீர்கள். துபாய்ச் சட்டப்படி ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை மாற்ற விரும்பும் தரப்பு, அது முடிவதற்கு 90 நாளுக்கு முன்பே மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு கெடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஒரு மாதம் முன்பு வாய்மொழியாகச் சொன்ன உயர்வை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. 90 நாள் அறிவிப்பு கொடுத்திருந்தாலும்கூட, எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு 2013-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் ஆணை வரம்பு வைத்திருக்கிறது. அந்தப் பகுதியின் சராசரி வாடகையைவிட உங்கள் வாடகை எவ்வளவு குறைவோ, அதைப் பொறுத்துப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம் வரை. 10 சதவீதத்துக்குள் மட்டுமே குறைவு என்றால் உயர்வே கிடையாது. துபாய் நிலத் துறையின் வாடகைக் குறியீட்டில் உங்கள் கட்டடத்தின் விவரத்தைப் போட்டுப் பாருங்கள், தாளில் எடுத்துக்கொண்டு பேசுங்கள். வாடகை ஏறினால் தேவா பில்லும் ஏறும், ஞாபகம் இருக்கட்டும். அந்த 750-இல் 250 நகராட்சியின் வீட்டுக் கட்டணம், ஆண்டு வாடகையில் 5 சதவீதம்.

புதுப்பிக்கும்போது இன்னொன்றும் கேளுங்கள். இடையில் வீட்டை விட நேர்ந்தால் இரண்டு மாத நோட்டீஸ் போதும், தண்டம் இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். நேரத்துக்குச் செக் போட்டுவந்த குடித்தனத்துக்குப் பல உரிமையாளர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். இந்த வரி எதற்கு என்பது கீழே வரும்.

இப்போது மனைக்கு வருகிறேன். உங்கள் கணவரின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. வெளிநாடு போனதற்கு ஊரில் ஓர் அடையாளம் வேண்டும் என்று எல்லோரும்தான் நினைக்கிறார்கள். வங்கியும் கடன் தரும். சம்பளத்தின் 20 மடங்கு வரை, 48 மாதத் தவணையில், எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல் என்பதுதான் அமீரக மத்திய வங்கியின் விதி. 1,50,000-க்கு 7 சதவீத வட்டியில் தவணை ஏறக்குறைய 3,600, கார் தவணையோடு 4,900. பாதிச் சம்பளமான 8,000-க்குள் அடங்குவதால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே துண்டு விழும் வீட்டில் அந்த 3,600 எங்கிருந்து வரும் என்பது வங்கியின் கவலை இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. உங்கள் நால்வரின் விசாவும் ஒரே வேலையில் தொங்குகிறது. வேலை போனால், விசா வகையைப் பொறுத்து, கிளம்பக் கிடைப்பது சில வாரங்களோ சில மாதங்களோதான். கடன் நிலுவையில் இருந்தால் கணக்குக்கு வரும் கடைசி செட்டில்மென்ட் தொகையை வங்கி பிடித்து வைக்கலாம். பாக்கிக்கு வழக்கு என்று போனால் பயணத் தடைகூட வரலாம். பணம் இல்லாமல் திரும்பும் செக்குக்கு 2022 முதல் முன்போல எடுத்தவுடன் குற்ற வழக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் செக் வைத்திருப்பவர் பணத்தை வசூலிக்க நேராக நீதிமன்றத்தின் நிறைவேற்றுப் பிரிவுக்கே போகலாம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த நிலைக்குப் போகக் கூடாது.

அதனால் மனைக்கு முன்னால் 40,000 திர்ஹாம் சேருங்கள். ஒரு செக் 15,000, வாடகை நீங்கலாக இரண்டு மாதச் செலவு ஏறக்குறைய 20,000, நான்கு பேர் டிக்கெட் 4,000 என்று பார்த்துத்தான் சொல்கிறேன். வேலையை விடும்போது கிராஜுவிட்டி (பணிக்கொடை) வருமே என்பார் கணவர். அது பேசிக் சம்பளத்தில் கணக்கிடப்படுவது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம். 7,000 பேசிக்குக்கு வருடத்துக்கு 4,900 மட்டுமே. வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம் என்பதால் மாதம் 5 திர்ஹாம் கட்டிக்கொண்டிருப்பார். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்து, அவராக ராஜினாமா செய்யாமல் வேலை போனால், பேசிக்கில் 60 சதவீதம், அதாவது 4,200 திர்ஹாம், மூன்று மாதம் வரை கிடைக்கும். 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் விட்டுப்போயிருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

என்றாவது மனை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கல்ஃபில் இருப்பவர்களிடம் 'பண்ணை நிலம்' என்று சொல்லி விவசாய நிலத்தைக் கூறுபோட்டு விற்கிறார்கள். வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அனுமதி இல்லை. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற வீட்டு மனை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஊருக்குத் திரும்புவது. வெறும் எண்ணாகப் பார்த்தால் இதில்தான் மிச்சம் அதிகம். கணவர் சத்வாவிலோ கராமாவிலோ ரூம் ஷேரிங்கில் 1,500-க்குத் தங்கினால் வாடகை, தேவா, மளிகை, பள்ளி என்று ஏறக்குறைய 7,000 குறையும். ஊரில் உங்கள் மூவருக்கும் மாதம் 40,000 ரூபாய் போனாலும், ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்ற கணக்கில், 1,700 திர்ஹாம்தான். இந்தக் கணக்கை உங்களிடம் மறைக்கக் கூடாது. ஆனாலும் என் சிபாரிசு அது இல்லை. ஒன்றரை வயதுப் பையன் அப்பாவை வருடத்துக்கு ஒரு மாதம் பார்ப்பான். அந்த வயதுக்கு அது பெரிய இழப்பு. தொடர்ந்து 180 நாள் நாட்டுக்கு வெளியே இருந்தால் உங்கள் மூவரின் விசாவும் செல்லாமல் போகும், மறுபடி வர வேண்டுமென்றால் அந்தச் செலவு முதலிலிருந்து.

அதற்கு முன் ஒரு வழியை முயன்று பாருங்கள். உங்கள் வேலை. கணவர் ஸ்பான்சர் செய்த விசாவிலேயே இருந்துகொண்டு நீங்கள் வேலை பார்க்கலாம். வேலை தரும் நிறுவனம் உங்களுக்கு ஒர்க் பர்மிட் எடுத்தால் போதும், விசாவை மாற்ற வேண்டியதில்லை. ஐ.டி. அனுபவத்துக்கு ஆரம்பத்தில் 6,500 கிடைத்தாலும் பையனின் நர்சரிக்கு 1,800, மெட்ரோவுக்கு 350 போக 4,350 நிற்கும். துண்டு விழும் 366-ஐயும் கார்டுத் தவணை 543-ஐயும் கழித்த பிறகும் மாதம் 3,400 சேரும். ஒரு வருடத்தில் அந்த 40,000 கையில் இருக்கும். டிசம்பர் வரை மும்முரமாகத் தேடுங்கள். ஜனவரியில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை அமையவில்லை, துண்டு தொடர்கிறது என்றால் திரும்புவது பற்றி முடிவெடுக்கலாம். புதிய கல்வியாண்டில் மகளை ஊரில் சேர்க்க அவகாசம் இருக்கும். இரண்டு மாத நோட்டீஸ் வரியை ஒப்பந்தத்தில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

'வெளியே போவது' என்ற 1,000-ஐக் குறைக்கலாம் என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். அதில் கை வைக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் பூங்காவுக்குப் போக முடியாத ஊரில், ஒரு படுக்கையறை வீட்டுக்குள் இரண்டு குழந்தைகளோடு நாள் முழுக்க இருப்பது நீங்கள். வெள்ளிக்கிழமை மாலை மாலில் பிள்ளைகள் ஓடியாடும் அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்கும் தேவை. மாமனார் மாமியாருக்கு அனுப்பும் 2,000-உம் அப்படியே இருக்கட்டும். அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்திலிருந்தே எடுக்கலாம். ஓர் ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் சேமிப்பு முழுவதையும் வழித்துக்கொண்டு போய்விடும்.

இந்தியப் பக்கம் சில்லறை வேலைகள் உண்டு. உங்கள் இருவரின் பழைய சேமிப்புக் கணக்குகளை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடு வாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) மாற்றுங்கள், பலரும் இதை வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பி.பி.எஃப். இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க முடியாது. சேமிப்பு சேரத் தொடங்கியதும் என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் கணக்கு) வைப்பு நிதி போடுங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமீரகத்தில் தனிநபர் வருமான வரியே இல்லை. கணவர் பெயரில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் அவசியம். அதை அங்கிருந்தபடியே இந்திய நிறுவனத்தில் எடுக்கலாம். பிரீமியத்துக்குப் பணம் இல்லையே என்றால் டிக்கெட் செலவில் இருந்து எடுங்கள், அடுத்த ஊர்ப் பயணம் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

வாடகைப் பேச்சு மட்டும் காத்திருக்காது. ஒப்பந்தத்தையும் இஜாரித் தாளையும் (வாடகை ஒப்பந்தப் பதிவுச் சான்று) எடுத்து வைத்துக்கொண்டு உரிமையாளருக்கு இந்த வாரமே எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசி முடித்துவிடாதீர்கள்.