கேட்க வேண்டியது விளக்கத்தை அல்ல, ஆவணத்தை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தெருவில் சென்ற ஆண்டு தார்ச் சாலை போட்டார்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டதால், சாலை எங்கள் வாசற்படியைவிட உயர்ந்து, மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. சுரண்டியதாகவே பில் போட்டுப் பணம் வாங்கிவிட்டார்கள் என்றும், கவுன்சிலருக்கும் அதில் பங்கு உண்டு என்றும் அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். ‘ஏன் இந்த முறைகேடு நடந்தது, யார் மீது நடவடிக்கை எடுத்தீர்கள்?’ என்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டேன். ‘விளக்கம் கோருவது தகவலில் அடங்காது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்வது?

– ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்சென்னை

பதில்: ஐயா, உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் வந்த பதில் சட்டப்படி தவறு என்று சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகியிருப்பதைப் பெறுவதற்கான உரிமையைத்தான் தருகிறது. கையில் இல்லாத கருத்தையோ விளக்கத்தையோ புதிதாக உருவாக்கித் தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே ‘ஏன்’ என்ற சொல்லையும் ‘முறைகேடு’ என்ற சொல்லையும் மனுவிலிருந்து எடுத்துவிட்டு, ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு சாலை வேலைக்கு மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, எம்-புக் என்று எல்லோரும் சொல்லும் அளவீட்டுப் புத்தகம், தரப் பரிசோதனை அறிக்கை, பணம் வழங்கிய பில் என்று வரிசையாகக் காகிதங்கள் உண்டு. இவற்றில் உங்களுக்கு உயிர்நாடி எம்-புக்தான். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மீட்டர் அகலம், எவ்வளவு கனம் என்று பொறியாளர் அளந்து கையெழுத்திட்டால்தான் பில் நகரும். பழைய சாலையைச் சுரண்டியதாகக் கணக்குக் காட்டியிருந்தால், அந்த மில்லிங் வேலையின் பரப்பளவும் அதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலை ஒரு கையிலும் அளவு நாடாவை மறு கையிலும் வைத்துக்கொண்டு உங்கள் தெருவில் நின்றால், ஊர்ப் பேச்சு எவ்வளவு உண்மை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தெருவின் பெயர், வார்டு எண், மண்டலம், நிதியாண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். 200 வார்டுகள் உள்ள சென்னை மாநகராட்சியில் ‘கடந்த பத்து ஆண்டுகளில் போட்ட எல்லாச் சாலைகளும்’ என்று கேட்டால், அளவுக்கு மீறி ஆள்பலத்தை உறிஞ்சும் என்று காரணம் காட்டுவார்கள். மனுவை உங்கள் மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு அனுப்பிவிட்டாலும் வீணாகாது; தகவல் வேறொரு பொது அதிகார அமைப்பிடமே இருந்தால்கூட, 5 நாட்களுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது.

பலரும் பயன்படுத்தாத ஒரு வழியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நகல் வாங்குவதோடு உரிமை முடிந்துவிடுவதில்லை. பிரிவு 2(ஜே)-இன்படி, கோப்புகளையும் வேலையையும் நேரில் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியையும் கேட்டுப் பெறலாம். கோப்பை நேரில் புரட்டும்போதுதான், கேட்கத் தோன்றாத குறிப்புத் தாள்களும் தணிக்கை ஆட்சேபணைகளும் கண்ணில் படும்.

30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் அரைகுறையாக இருந்தாலோ, அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் பயனில்லையென்றால் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். காலக்கெடு தாண்டித் தரும் தகவலை இலவசமாகவே தர வேண்டும். நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் விசாரணைக்கு நீண்ட நாள் காத்திருக்க நேரிடலாம் என்பதால், முதல் மனுவையே பிழையில்லாமல் எழுதுவது மிகவும் முக்கியம்.

கவுன்சிலருக்குப் பங்கு உண்டு என்ற பேச்சை மனுவில் எழுதாதீர்கள். எந்த ஆவணமும் அதை நேரடியாகச் சொல்லாது. சான்று இல்லாமல் எழுதினால் உங்கள் மீதே அவதூறு வழக்கு வரக்கூடும். தகவல் ஆணையம் ஊழலை விசாரிக்கும் அமைப்பும் அல்ல. எம்-புக்கில் உள்ள அளவுக்கும் தெருவில் உள்ள அளவுக்கும் வேறுபாடு இருந்தால், நகல்களையும் தேதியிட்ட புகைப்படங்களையும் இணைத்து மாநகராட்சி ஆணையருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் புகார் கொடுங்கள். பங்கு யாருக்குப் போனது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

கேள்வி: எங்கள் வார்டில் மழைநீர் வடிகால் வேலை குறித்துக் கேட்க விரும்புகிறேன். பெயரும் முகவரியும் வெளியே தெரிந்தால் வீட்டுக்கே வந்து மிரட்டுவார்களோ என்று அஞ்சுகிறேன். காரணமும் சொல்ல வேண்டுமா?

– குடும்பத் தலைவி, வடசென்னை

பதில்: அம்மா, காரணம் சொல்லவே வேண்டாம். தொடர்புகொள்வதற்குத் தேவையானதைத் தவிர வேறு எந்தச் சொந்த விவரத்தையும் கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. வீட்டு முகவரிக்குப் பதிலாக அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே போதுமானது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியிருக்கிறது. உங்கள் அச்சத்தை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் தனியாக இறங்காதீர்கள். உங்கள் தெருவில் நான்கைந்து பேர், சங்கத்தின் பெயரில் அல்லாமல் ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே, அதே வடிகால் வேலையின் வெவ்வேறு ஆவணங்களைக் கேட்டு மனுப் போடுங்கள். யாரேனும் வந்து மிரட்டினால் அன்றே காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.